என்னை வைத்துத்தான் அழித்துப் பார்த்தார்கள்

வேலம்பாளையத்தில் ரோட்டை ஒட்டி நாலு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அது நான் கட்டியது. அதற்கு முன்னால் அங்கே முள்ளுக்காடு இருந்தது, அதை வெட்டியதும் நான்தான். தண்ணீர் வராது என்று நீரோட்டம் பார்க்கிறவர்கள் இரண்டு பேர் கையை விரித்துவிட்டுப் போன இடத்தில் போர் போட்டுத் தண்ணீர் எடுத்தேன். கணியூர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காமல் பஸ் ஏறினவன் நான். திருப்பூரில் டெய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை மடித்துக் கொடுக்கும் வேலையில் சேர்ந்து, தைக்கப் பழகி, பழைய மிஷின் ஒன்றை வாங்கி, அதை நாலாக்கி, கடைசியில் வெளிநாட்டுக்கே பனியன் அனுப்பினேன். நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலத்திலும் என் கம்பெனியில் ஷிப்ட் நின்றதில்லை. சாயப்பட்டறைகள் பூட்டிக் கிடந்தபோது வெளியூருக்குத் துணியை லாரியில் அனுப்பிச் சாயம் போட்டுக்கொண்டு வந்தேன். தோட்டத்தை விட்டு ஓடினவன் உருப்பட மாட்டான் என்று சொன்ன பங்காளிகள் எல்லாம் பிற்பாடு பிள்ளைகளுக்கு வேலை கேட்டு என்னிடம் வந்தார்கள். கொடுத்தேன்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றையும் நான் செய்திருக்கிறேன். சினிமாவில் காட்சிக்குள் காட்சியை ஒட்டுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் இருக்கிறது. அதில் ஆளை அழிப்பதற்கு ஒரு புது வசதி வந்திருக்கிறது. பல தேசங்களில் அதை வைத்து இன்றைக்கு வேலை பார்க்கிறார்கள். அந்த வசதி ஒழுங்காக வேலை செய்வதற்கு நானும் ஒரு காரணம். சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு மேலே படிக்கலாம்.

என் மருமகள் சென்னையில் அந்தத் தொழிலில் இருந்தவள். என் மகனைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகும் தொழிலை விடவில்லை. அட்டைப்பெட்டி அடுக்கியிருந்த நாலாவது மாடி ரூமைக் காலி செய்து, ஏசி போட்டு அவளுக்குக் கொடுத்தேன். வேறு யாராவது மாமனார் கொடுத்திருப்பாரா என்று தெரியவில்லை. படத்தில் தெரியக் கூடாத கயிறு, கம்பி, விளக்குக் கம்பம் எல்லாவற்றையும் எடுப்பது, பச்சைத் துணிக்கு முன்னால் நின்று நடித்தவனைக் கொண்டுபோய் மலை உச்சியில் நிறுத்துவது, இதெல்லாம் அங்கே நடக்கும். ஒரு படத்துக்கு மேல் இன்னொரு படம், அதற்கு மேல் இன்னொன்று. அவர்களும் அதை லேயர் என்றுதான் சொல்கிறார்கள். கட்டிங் டேபிளில் நாங்கள் துணியை லேயர் லேயராக விரித்து வெட்டுகிறோம், அவர்கள் படத்தை விரித்து வெட்டுகிறார்கள். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் எனக்கு இது புரிந்துவிட்டது. என் மகனுக்கு இன்னும் புரியவில்லை.

அந்த சாஃப்ட்வேர்க்காரர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். புதிதாக எதையாவது சேர்த்தால், விற்பனைக்கு விடுவதற்கு முன்னால் சில பேருக்கு மட்டும் அனுப்புவார்கள். ஓட்டிப் பார்த்து எங்கே சொதப்புகிறது என்று எழுத வேண்டும். ஆர்டர் ஓட்டுவதற்கு முன்னால் நாங்கள் சாம்பிள் தைத்து, துவைத்து, இழுத்துப் பார்ப்போமே, அதே வேலைதான். அப்படி அனுப்பப்பட்டவர்களில் என் மருமகளும் ஒருத்தி.

அந்தத் தடவை வந்த வசதி ஆளை அழிப்பது. பழைய முறையில் ஒரு காட்சியிலிருந்து ஆளை எடுக்க வேண்டுமென்றால், அவன் இல்லாமல் அதே இடத்தைத் தனியாக ஒருமுறை படம் பிடித்து வைத்திருக்க வேண்டும். புது வசதிக்கு அது வேண்டியதில்லை. ஆள் நகர்வதற்கு முன்னும் பின்னும் வருகிற படங்களைப் பார்த்து, அவன் மறைத்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று கம்ப்யூட்டரே கண்டுபிடித்து நிரப்பிவிடும். அதற்கு ஆள் நடமாட்டமும் சாமான் நெரிசலும் உள்ள இடத்தில் எடுத்த படம் வேண்டும் என்று, மருமகள் கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடித் தையல் ஹாலுக்கு இறங்கி வந்தாள்.

அந்த ஹாலின் நடுத்தூண் ஓரத்தில்தான் நான் நிற்பேன். அங்கே நின்றால் எல்லா லைனும் தெரியும். எவன் கை நின்றாலும் தெரியும், எவள் போனை மடியில் வைத்திருந்தாலும் தெரியும். மருமகள் கேமராவை எந்த மூலையில் வைத்தாலும் நான் அதில் விழுந்தேன்.

"மாமா, கொஞ்சம் அக்கட்டால நிக்கறீங்களா?" என்றாள்.

"இந்தத் தூண எழுப்புன நாள்ல இருந்து இங்கதான் நிக்கறேன் அம்மிணி. கேமராவ அக்கட்டால வெய்யி."

அவள் சிரித்துவிட்டு மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள்.

"செரீங்க மாமா, நீங்க அங்கயே நில்லுங்க. உங்களையே அழிச்சுப் பாக்கறேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அழி, பாக்கலாம். எத்தனையோ பேரு பாத்தாச்சு," என்றேன். பக்கத்து லைனில் சிரிப்பு கேட்டது.

உண்மையில் அழிக்க முடியவில்லை. மேலே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். நான் நின்ற இடத்தில் பாகு காய்ச்சி ஊற்றியது போல ஒரு குழப்பம். தூண் நடுவில் வளைந்திருந்தது. எனக்குப் பின்னால் இருந்த ஓவர்லாக் மிஷின் காலில்லாமல் அந்தரத்தில் நின்றது. நடந்து போகிறவனை எடுப்பது சுலபமாம். அவன் இந்தப் பக்கம் நகரும்போது அந்தப் பக்கம் மறைந்திருந்தது தெரிந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கிறவனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வழியே இல்லை. அதை அவள் எழுதி அனுப்பினாள். அங்கேயிருந்து, அதே ஆளைக் கொஞ்சம் நடக்கவும் வைத்துப் படம் எடுத்து ஓட்டிப் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். கண்காணாத தேசத்தில் இருக்கிற எஞ்சினியர்கள் கேட்டது என்னை.

நடந்தேன். டீ டயம் முடிந்து மிஷின்கள் ஓடத் தொடங்கியதும் தூணிலிருந்து செக்கிங் டேபிள் வரைக்கும், அங்கேயிருந்து திரும்பித் தூண் வரைக்கும். மெதுவாக நடங்க மாமா என்றால் மெதுவாக, பாதியில் நில்லுங்க என்றால் பாதியில் நின்று. குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள், துண்டை உதறிக்கொண்டு ஒரு நாள், பனியன் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு நாள். நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தேன். இந்த வயதில் குனிந்து நூல்கண்டு பொறுக்கினேன். சினிமா நடிகனுக்குக்கூடக் கேரவனும் குடை பிடிக்க ஆளும் உண்டு. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட நானேதான் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த சாஃப்ட்வேருக்குப் பெரிய சவாலாக இருந்தது என் வேட்டி. பேன்ட் போட்டவனை ஓரம் பார்த்து வெட்டிவிடலாம். வேட்டி மெல்லிசு. டியூப் லைட் வெளிச்சம் அதில் புகுந்து வரும், உள்ளே கால் நிழலாடும், ஃபேன் காற்றுக்கு விளிம்பு படபடத்துக்கொண்டே இருக்கும். எது வேட்டி, எது வெளிச்சம் என்று கம்ப்யூட்டர் திணறியது. ஒருநாள் என்னை முழுதாக எடுத்துவிட்டது, வேட்டிக் கரையை மட்டும் விட்டுவிட்டது. ஒரு முழம் கரை தன்னந்தனியாக லைன் ஓரமாக நடந்து போகிறது. மேல்மாடியில் மருமகளிடம் வேலை பார்க்கிற பெண்கள் சிரித்து அடங்க நேரமாயிற்று. அடுத்த முறை கரை போனது, தரையில் நிழல் நின்றது. நிழலை எடுக்கக் கற்றுக்கொண்டு வந்த வெர்சனில், செக்கிங் டேபிளின் எவர்சில்வர்த் தகட்டில் என் முகம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் மருமகள் எழுதி அனுப்புவாள், அவர்கள் சரி செய்து திருப்பி அனுப்புவார்கள், நான் மறுபடி நடப்பேன். மாதக்கணக்கில் இது நடந்தது.

"உங்கள அழிக்கறதுக்கு அவுங்களுக்கு இத்தன நாளா ஆகுதுங்க? எங்கிட்டக் கேட்டிருந்தா வழி சொல்லியிருப்பனுங்களே," என்றாள் என் மனைவி. வீட்டில் அதுதான் அப்போது பேச்சு.

ஒன்றை மட்டும் அவர்களால் எடுக்க முடியவில்லை. நான் லைன் ஓரமாக நடந்தால் டெய்லர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்வார்கள், கை வேகம் கூடும். அது பழக்கம், யாரும் யோசித்துச் செய்வதில்லை. என்னை எடுத்த பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் யாருமே வரவில்லை, ஆனால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தலைகள் வரிசையாக நிமிர்கின்றன. செக்கிங்கில் இருக்கிற திருநெல்வேலிக்கார அம்மாளை மேலே கூப்பிட்டு அதைக் காட்டினோம்.

"யாருமே வரல. நாங்க எதுக்குய்யா இப்படிப் பதறுதோம்?" என்றார் அவர்.

"அத எந்த வெர்சனும் எடுக்காதுங்க மாமா," என்றாள் மருமகள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம், கட்டடத்துக்குக் கிரகப்பிரவேசம் செய்த நாளில்கூட இருந்ததா என்பது சந்தேகம்.

சந்தோஷம் அத்தோடு சரி.

வெளிநாட்டில் சரக்கு வாங்குகிற புது பையர் ஒருவர் கம்பெனியைப் பற்றி ஒரு படம் கேட்டிருந்தார். நேரில் வருவதற்கு முன்னால் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் வருகிறார்கள். இப்போது கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற என் மகன் கோயம்புத்தூரிலிருந்து ஆள் கூப்பிட்டு ட்ரோன் பறக்கவிட்டான், பின்னணிக் குரல் கொடுக்க ஒருவனைப் பிடித்தான். படம் முடிந்ததும் கான்ஃபரன்ஸ் ரூமில் மேனேஜர்களை எல்லாம் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினான். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வேறு எங்கே உட்கார்வது.

கேட் வந்தது, ஜெனரேட்டர் வந்தது, நிட்டிங் வந்தது, கட்டிங் வந்தது. பிறகு தையல் ஹால். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் நடந்த படம். தலைகள் வரிசையாக நிமிர்ந்தன. அடுத்து, நான் அசையாமல் நின்ற படத்திலிருந்து தூண் வந்தது. என் தோள் பட்டுப் பட்டு அந்தத் தூணில் ஆள் உயரத்துக்கு எண்ணெய்க் கறை ஏறியிருக்கும். நான் எப்போதும் அதை மறைத்துக்கொண்டு நிற்பதால் கம்ப்யூட்டருக்கு அந்தக் கறை தெரியாது. அது தன் யோசனைக்கு வெள்ளையடித்து வைத்திருந்தது. மேல் முதல் கீழ் வரைக்கும் பளிச்சென்று ஒரு தூண். அங்கே ஒருவன் நின்றான் என்பதற்கு ஒரு தடயம் இல்லை. மேனேஜர்கள் கை தட்டினார்கள்.

எல்லாரும் போன பிறகு மகனை நிறுத்தினேன். நான் எங்கே என்று கேட்டேன். அவன் சுற்றி வளைக்கவில்லை.

"செருப்பு, வேட்டி, மொகத்துல மாஸ்க் இல்லாம ஹாலுக்கு நடுவுல நிக்கறீங்கப்பா. அவுங்க சேஃப்டி ஆளு மொதல்ல அதத்தானுங்க பாப்பான்."

வெளியில் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். பையர் ஆட்கள் பாதுகாப்பு ஆடிட்டுக்கு வருகிற நாளில் எங்கள் ஊர்க் கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு. நடைபாதையில் கிடக்கிற பெட்டிகளை எடுப்பார்கள், கட்டிங் மாஸ்டர் கையில் இரும்புக் கையுறை ஏறும், எல்லார் முகத்துக்கும் மாஸ்க் வரும், முதலாளியின் அப்பா மேல்மாடிக்குப் போவார். வேட்டி மிஷினில் சிக்கும், செருப்புக் காலில் ஊசி ஏறும் என்று அவர்கள் சட்டம். நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்தானே என்று பேப்பரைப் புரட்டிக்கொண்டு இருந்துவிடுவேன்.

"ஆடிட் வந்தா மேல போயி உக்காந்துக்கறனல்ல? படத்துலயுமாடா என்ன மேல அனுப்புவ?"

அவன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வேணும்னு பண்ணலீங்கப்பா. அவ டெஸ்டுக்காகப் பண்ணி வெச்சிருந்தா. சும்மாதான கெடந்துது, எடுத்துப் போட்டுக்கிட்டேன்."

சும்மா கிடந்ததாம். அவன் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நான் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன், அதைச் சொல்லிக் காட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் நான் குடை பிடித்து நடந்ததும் குனிந்து நிமிர்ந்ததும் சும்மா கிடந்த சரக்கு என்று அவன் வாயால் கேட்டேன்.

பேச்சு வளர்ந்த பிறகு அவனே ஒரு வழி சொன்னான். திரும்ப ஒருமுறை எடுக்கலாம், சேஃப்டிக்கு ஏற்ற மாதிரி உடுத்திக்கொண்டு வாருங்கள் என்றான். ஒத்துக்கொண்டேன். பேன்ட் மாட்டினேன். கல்யாணத்துக்குக்கூட ஷூ போடாத காலில் ஷூ போட்டேன். நீலக் கோட்டு, தலைக்கு வலைக் குல்லா, முகத்துக்கு மாஸ்க், கழுத்தில் அடையாள அட்டை. நான் கட்டின ஹாலில் நான் யார் என்று அட்டை சொல்ல வேண்டியிருந்தது, அதையும் பொறுத்துக்கொண்டேன். தூண் ஓரம் நின்றேன், நடந்தேன், எடுத்தார்கள். அன்றைக்கு ஒரு தலைகூட நிமிரவில்லை. வருவது யார் என்று லைனில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் படத்தை வீட்டில் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். பாதி ஓடியதும் கேட்டாள்.

"நீங்க எப்பங்க வருவீங்க?"

"வந்துட்டுத்தான இருக்கறேன். தூணோரம் பாரு."

"அதுங்களா? புதுசா வந்த சூப்பர்வைசருன்னு நெனச்சனுங்க."

அவள் கேலி செய்யவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் காலையில் மருமகளிடம் போய், அந்த ஆளை எடுத்துவிடு என்று நானே சொன்னேன். எடுத்தாள். நான் டம்ளரில் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். பாகு இல்லை, நிழல் இல்லை, தகட்டில் முகம் இல்லை. அதற்குள் அந்த வசதி அவ்வளவு தேறியிருந்தது. யாரை வைத்துத் தேறியது என்று அதற்குத் தெரியாது.

அதே வாரத்தில் அந்தப் புது வெர்சன் விற்பனைக்கு வந்தது. டெஸ்ட் செய்து கொடுத்தவர்களுக்கு நன்றி என்று போட்டு, தேசம் தேசமாகப் பல பேருடைய பெயர்கள் கம்ப்யூட்டரில் ஓடின. அதில் என் மருமகள் பெயரும் இருந்தது. கம்பெனி முழுக்க இனிப்புக் கொடுத்தோம், நான்தான் வாங்கிவரச் சொன்னேன். பிறகு அவளிடம் என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"டெஸ்ட் பண்ணுனவங்க பேரு மட்டுந்தான் போடுவாங்க மாமா."

"டெஸ்ட் பண்ணுனது நீ. டெஸ்ட் ஆனது நானு."

அவள் நல்ல பெண். சிரித்துத் தட்டிக்கழிக்கவில்லை. யோசித்துத்தான் பேசினாள்.

"அது நல்லா வேல செய்யுதுன்னா, அங்க ஒருத்தரு இருந்தாருன்னே யாருக்கும் தெரியக் கூடாதுங்க மாமா. உங்க பேரப் போட்டா தெரிஞ்சு போகுமுங்களே."

நீ எழுதி அனுப்பினபோது என்னை என்னவென்று எழுதினாய் என்று கேட்டேன். முதலில் சொல்ல மாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள். நிற்கும் ஆள் என்று எழுதினாளாம். மாதக்கணக்கில் அங்கே இருக்கிறவர்கள், நிற்கும் ஆளின் நிழல், நிற்கும் ஆளின் துணி என்றே பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். துணிக்கு இருந்த மரியாதை ஆளுக்கு இல்லை. அவர்கள் பக்கம் இருக்கிற ஒருவர்கூட, அந்த ஆள் யார் அம்மா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையாம்.

இப்போது இன்னொரு வசதி வந்திருக்கிறது. வயதான முகத்தை இளமையாக்குவது. அதற்கும் நல்ல சுருக்கம் விழுந்த முகம் ஒன்று தேவைப்படுகிறது. மருமகள் நேற்றுக் கீழே வந்து, மாமா கொஞ்ச நேரம் கேமரா முன்னால் உட்கார்வீர்களா என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இந்தக் குடும்பத்தில் நான் மாட்டேன் என்று சொன்னது குறைவு.

அதனால் இதை எழுத்தில் வைக்கிறேன். என் மகனும் படிக்கட்டும், அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மருமகள் மொழிபெயர்த்தும் அனுப்பட்டும். என்னைத் திரும்பப் படத்தில் வைக்க வேண்டாம். வேட்டியோடு வைத்தால் சட்டம் இடிக்கிறது, கோட்டோடு வைத்தால் நான் நானாக இல்லை. அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். ஆனால் கம்பெனிப் படத்தின் கடைசியில், அரை நாள் வந்து ட்ரோன் பறக்கவிட்டவன் பெயர் இருக்கிறது. எங்கள் ஹாலுக்குள் கால் வைக்காமலே குரல் கொடுத்தவன் பெயரும் இருக்கிறது. அவர்களுக்கு மேலே, அதே அளவு எழுத்தில், "தையல் ஹாலில் நின்று, நடந்து, அழிக்கப்பட்டவர்" என்று ஒரு வரியைச் சேர்த்து அதன் பக்கத்தில் என் பெயரை முழுதாகப் போட வேண்டும். சாஃப்ட்வேர்க்காரர்களின் நன்றியிலும் நிற்கும் ஆள் என்ற இடத்தில் அந்தப் பெயர் வர வேண்டும். பையருக்குப் படம் போகும் முன்னால் இது நடக்க வேண்டும். போட்டுவிட்டு வந்து என்னிடம் காட்டட்டும். அதன் பிறகு இந்த முகத்தை என்ன செய்ய வேண்டுமோ செய்துகொள்ளட்டும்.